மரத்தை முதலில் அடுக்குங்கள், சுவரைப் பிறகு எழுப்புங்கள்

கையில் சிறிய நிலம் இருக்கிறது, பணம் குறைவு, தச்சு வேலை பழக்கமில்லை. மண்ணும் மரமுமாக எளிய வீடு ஒன்றைக் கட்டி, அதற்கான மேசை, நாற்காலி, கட்டிலையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது, எதில் சிக்கனம் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் மேசை நாற்காலியைப் பற்றி யோசிப்பார்கள். நீங்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டும். அடித்தளத்துக்குக் கோடு கிழிப்பதற்கு முன்பே மேசைக்கான பலகையை வாங்கி நிழலில் அடுக்கிவிடுங்கள். மரம், மண், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் அவகாசம் கொடுப்பவருக்கு மலிவாகக் கைக்கு வரும். அவசரப்படுகிறவர் ஒன்று கூடுதல் விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கெட்ட வேலையோடு வாழ வேண்டும்.

மரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தில் ஏராளமான தண்ணீர் இருக்கும். சில வகைகளில் காய்ந்த மரத்தின் எடையைவிட அதிலிருக்கும் தண்ணீரின் எடை அதிகம். நாரின் உட்குழியில் நிற்கும் தண்ணீர் வெளியேறும் வரை பலகை சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரே காயத் தொடங்குகிறது, சுருக்கமும் அப்போதுதான் தொடங்குகிறது. நீளவாக்கில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. அகலவாக்கில் அப்படியில்லை. மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கிலேயே அளந்தால், பச்சை நிலையிலிருந்து முழுதாகக் காய்வதற்குள் பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்குகின்றன. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி அளந்தால் அதில் ஏறக்குறையப் பாதி. ஒரே பலகையில் இரண்டு திசையில் இரண்டு விதமான சுருக்கம் என்பதால்தான் பலகை வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, நடுத்தண்டு உள்ள உருட்டு மரம் பிளந்துகொள்கிறது. பச்சைப் பலகையில் மேசை செய்தால் இத்தனை அசைவும் உங்கள் மூட்டுகளுக்குள் நடக்கும். அவை தாங்காது.

திறந்த காற்றில் காய வைப்பவர்கள் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மென்மரம் இதைவிட விரைவாகக் காயும், கடினமரம் கூடுதலாக எடுக்கும். ஆனாலும் திட்டமிட இது போதும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கல்லோ கட்டையோ வைத்து மட்டம் பாருங்கள். பலகைகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள காய்ந்த குறுக்குக் குச்சிகளை அரை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் குச்சிகள் முந்தைய குச்சிகளுக்கு நேர் மேலே வர வேண்டும். அவை தள்ளிப்போனால் மேலே உள்ள பாரம் பலகையை அலையலையாக வளைத்துவிடும், அந்த வளைவு பிறகு நிமிராது. வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய பெயின்டோ கெட்டியாகப் பூசுங்கள். மரம் முனை வழியாகத்தான் மிக வேகமாகத் தண்ணீரை விடுகிறது, முனை மட்டும் முந்திக் காய்ந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். அடுக்கின் மேலே தகரமும் அதன் மீது கனமும் வையுங்கள். பக்கங்களை மூடக் கூடாது, காற்று குறுக்கே ஓட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் முழுதும் சுற்றி வைப்பது பூஞ்சை வளர்ப்பதற்குச் சமம்.

வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியைக் கேட்டு வாங்குங்கள். எந்த இனமாக இருந்தாலும் பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி நிலைக்காது. அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு வருகிறது, உளுப்பதும் அங்கேதான் தொடங்குகிறது. பழைய மரம் கிடைத்தால் அது யோகம்தான், பல காலம் காய்ந்து அசைவு அடங்கிய மரம் அது. ஆனால் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அதை உப்புத்தாளால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள் இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் கதிர் வடிவச் சர்வதேச முத்திரையைத் தேடுங்கள். அருகில் ‘ஹெச்.டி.’ (HT) என்ற எழுத்து இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டது என்று பொருள், அதை எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறிய பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

கதவு, ஜன்னலையும் இதே நேரத்தில் தேடுங்கள். இடிக்கும் கட்டடங்களிலிருந்து வரும் நல்ல நிலைச்சட்டத்தையும் கதவையும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சுவரில் வழி விடுவது எளிது. சுவரில் வழி விட்ட பிறகு அதே அளவில் பழைய கதவு தேடுவது நடக்காத காரியம், புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

சுண்ணாம்பும் காத்திருக்க வேண்டிய பொருள். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுடும்போது கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் நீற்றிக் களியாக்கி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால், நாள் ஆக ஆகக் குழைவு கூடும். சுவரில் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாகிறது. நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் நிற்க வேண்டாம். சுட்ட சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இனி வீடு. நிலத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். மண்ணைச் சோதிக்கக் காசு வேண்டாம். மேல்மண்ணை நீக்கிவிட்டுக் கீழ்மண்ணை ஒரு கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். மணல் சில நிமிடங்களுக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி கடைசியாக ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு இறங்கும். அடுக்குகளை அளந்து பார்த்தால் விகிதம் தெரிந்துவிடும். களி 15 முதல் 30 சதவீதம், மீதியில் பெரும்பகுதி மணல் என்றால் அது சுவருக்கு ஏற்ற மண். களி கூடினால் சுவர் வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். களி குறைந்தால் சுவர் உதிரும். வைக்கோல் கலப்பது வெடிப்பைப் பரவலாக்கிச் சிறிதாக்கும். மேல்மண் சுவருக்கு ஆகவே ஆகாது, அதில் மக்கும் பொருள் உண்டு. அதைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள்.

முதல்முறை கட்டுபவருக்குப் பச்சைச் செங்கல்லையே, அதாவது சுடாமல் காய வைத்த செங்கல்லையே, நான் சொல்வேன். திமிசு போட்டு இடிக்கும் சுவர் அழகுதான், ஆனால் பலகைச் சட்டமும் பல கைகளும் வேண்டும். மண்ணைக் குழைத்து நேரடியாகச் சுவர் வைத்தால் ஒரு வரிசை இறுகும்வரை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். பச்சைச் செங்கல்லை ஒருவரே நாளுக்குச் சில டஜன் என்ற கணக்கில் அறுத்து வைத்துக்கொள்ளலாம். சரியில்லாததைத் திரும்பக் குழைத்துவிடலாம், நட்டம் எதுவுமில்லை. நிழலில் வைத்து, ஓரளவு இறுகியதும் பக்கவாட்டில் நிறுத்தி, மூன்று நான்கு வாரம் காய விடுங்கள். மண் என்றால் பலவீனம் என்று எண்ண வேண்டாம். ஏமன் நாட்டின் ஷிபாமில் பச்சைச் செங்கல்லால் எழுப்பிய பல மாடி வீடுகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன.

ஆனால் மண்சுவருக்கு இரண்டு பகை உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒன்று தண்ணீர். கல்லில் போட்ட அடிபீடம் தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் எழ வேண்டும். கூரை சுவரைத் தாண்டி 60 முதல் 90 சென்டிமீட்டர் வரை நீள வேண்டும். பணம் போதாமல் போகும்போது பலரும் கை வைப்பது கூரையின் நீட்டத்தில்தான். அறையின் அளவைக் குறையுங்கள், தளத்தை எளிமையாக்குங்கள், கூரையையும் அடிபீடத்தையும் குறைக்காதீர்கள். மண்சுவரில் சிமென்ட் பூச வேண்டாம். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், மண் அதன் பின்னால் குழைந்து, ஒரு நாள் பூச்சு தகடாகக் கழன்று விழும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்.

இரண்டாவது நிலநடுக்கம். இரான் நாட்டின் பாம் நகரில் 2003 டிசம்பர் 26 அன்று நடந்த நிலநடுக்கத்தில் கால் லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மண்ணால் கட்டப்பட்ட வீடுகளும் பழம்பெரும் கோட்டையும் சரிந்தன. உங்கள் பகுதி நிலம் நடுங்கும் பகுதி என்றால் கனத்த மண்சுவரும் கனத்த மண்கூரையும் வேண்டாம். பாரத்தை மரச்சட்டம் தாங்கட்டும், மண் இடைவெளியை நிரப்பட்டும். அதற்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் ஆலோசனை தேவை. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மற்ற இடங்களிலும் சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல் எட்டு மடங்குக்குள் இருக்கட்டும், சுவரின் தலையில் நான்கு பக்கமும் தொடர்ந்து ஓடும் வளைய விட்டம் இருக்கட்டும்.

கூரைக்கு அறுத்த சட்டத்தைவிட உருட்டு மரம் மலிவு. அதே குறுக்களவில் வலிமையும் கூடுதல், ஏனென்றால் வாள் அதன் நார்களை அறுக்கவில்லை. பட்டையை உடனே உரித்துவிடுங்கள், பட்டைக்கு அடியில்தான் பூச்சி குடியேறும். தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துங்கள். நான்கு மூலையிலும் சாய்வுச் சட்டம் கட்டாயம். நாற்கோணம் சாயும், முக்கோணம் சாயாது. உள்ளே இருக்கும் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசலாம், கறையானுக்கும் வண்டுக்கும் அது ஆகாது. மழையில் கரைந்து போய்விடும் என்பதால் வெளியில் நிற்கும் மரத்துக்கு அதனால் பயனில்லை. கூரையிலிருந்து தண்ணீர் பிடிக்க நினைத்தால் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்நூறு லிட்டர், சிந்தியது போகச் சற்றுக் குறையும்.

ஒரே ஒரு நல்ல அறையும், முதுகோடு முதுகு ஒட்டிய சமையலறையும் குளியலறையும் முதலில் போதும். குழாய் ஒரே சுவரில் ஓடும். பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

இதற்குள் பலகை காய்ந்திருக்கும். எடை குறைவது நின்றுவிட்டதா என்று ஒரு பலகையை அவ்வப்போது நிறுத்துப் பார்த்தாலே தெரியும். வெளிக்காற்றில் காய்ந்ததை வீட்டுக்குள் சில வாரம் வைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கருவி நிறைய வேண்டாம். நல்ல கைவாள் ஒன்று, 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள் மூன்று, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், கோடு கீறும் கருவி, துளையிடும் கருவி, கூரிய கத்தி. மலிவான உளிகள் பத்து வாங்குவதைவிட நல்ல எஃகில் மூன்று மேல். அதைவிட முக்கியம் தீட்டுவது. தச்சு கடினம் என்று கைவிடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் கடினமாக இருந்தது மழுங்கிய உளிதான் என்று உறுதியாகச் சொல்வேன். 25 டிகிரியில் சரிவு பிடித்து, நுனியில் மட்டும் 30 டிகிரி. சாணைக்கல் இல்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். சரிவுப் பக்கம் தீட்டிக்கொண்டே வரும்போது, தட்டைப் பக்கத்தை விரல் நுனியால் விளிம்பை நோக்கித் தடவிப் பாருங்கள். மிக மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டும். அது விளிம்பின் முழு அகலத்திலும் தட்டினால்தான் விளிம்பு வரை தீட்டியிருக்கிறீர்கள். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படிய வைத்து அந்தப் பிசிறை எடுங்கள். இப்போது மென்மரத்தின் வெட்டுமுனையைச் சீவினால் பளபளப்பாக வர வேண்டும், நார் நசுங்கி வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

எதை முதலில் செய்வது? வேலைமேசை. அது உங்கள் மணிக்கட்டின் உயரத்தில் இருக்கட்டும். அதன்பின் முக்காலி, நீள பெஞ்சு, கட்டில், மேசை என்று போங்கள். நாற்காலி கடைசி. பார்க்கச் சிறியதாக இருந்தாலும் வீட்டிலேயே அதிக உதை வாங்குவது அதுதான். உட்கார்ந்தபடி பின்னால் சாயும்போது பாரம் முழுதும் பின்கால் மூட்டில் விழுகிறது, அங்கே கோணமும் நேராக இருக்காது. இருக்கை 43 முதல் 45 சென்டிமீட்டர், மேசை 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். உங்கள் உடம்பை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டு என்று எடுத்துக்கொண்டால் துளையும் கழுந்தும் கற்றுக்கொண்டாலே வீட்டிலுள்ள முக்கால்வாசிச் சாமான் செய்துவிடலாம். ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப் போல் செதுக்கியது கழுந்து, அது மற்றதன் துளைக்குள் நுழையும். ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகே, கல் கருவிகளால் செய்த இத்தகைய மூட்டுகளோடு 7000 ஆண்டுப் பழைமையான கிணற்றுச் சட்டங்கள் கிடைத்திருக்கின்றன. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பசையோ பிடிகருவியோ இல்லாமல் இதை இறுக்க ஒரு வழி உண்டு. துளை உள்ள காலில் மர ஆணிக்கான ஓட்டையை முதலில் போட்டுவிடுங்கள். கழுந்தைச் செருகி, அந்த ஓட்டை வழியாகத் துளைமுனையை விட்டுக் கழுந்தில் ஒரு புள்ளி வையுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, புள்ளியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தோளை (கழுந்து தொடங்கும் இடத்தில் உள்ள படியை) நோக்கித் தள்ளி ஓட்டை போடுங்கள். திரும்பச் செருகி, நுனி கூரான காய்ந்த மர ஆணியை அடித்தால், நேரில்லாத அந்த இரு ஓட்டைகளையும் ஆணி நேராக்க முயன்று, கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைக் காலோடு அழுத்திவிடும். ஆணியை அறுக்காமல் பிளந்து செய்யுங்கள், நார் முனைக்கு முனை ஓட வேண்டும். தள்ளும் அளவு கூடினால் கழுந்து கிழியும், மென்மரத்துக்கும் வன்மரத்துக்கும் கழிவுத் துண்டில் ஒத்திகை பாருங்கள்.

பலகை காயும்வரை கை சும்மா இருக்க வேண்டாம் என்றால் முக்காலியைப் பச்சை மரத்திலேயே செய்யலாம். காலைப் பச்சைக் கட்டையிலிருந்து ஆப்பு வைத்துப் பிளந்து எடுங்கள். குறுக்குக் கம்புகளை மட்டும் அடுப்பின் அருகிலோ வெயிலிலோ நன்றாகக் காய வைத்துச் செருகுங்கள். காய்ந்த கம்பு காலின் ஈரத்தை வாங்கி உப்பும், கால் காய்ந்து சுருங்கும், இரண்டுமாகச் சேர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். மேசைக்குப் பகையாக இருந்த சுருக்கம் இங்கே உங்களுக்கு வேலை செய்கிறது.

மேசைப் பலகையைச் சட்டத்தோடு நாலாபக்கமும் திருகி இறுக்கிவிடாதீர்கள். காய்ந்த மரமும் பருவத்துக்குப் பருவம் அகலத்தில் அசைந்துகொண்டேதான் இருக்கும். 90 சென்டிமீட்டர் அகல மேசைப் பலகை ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் நீள்துளை வழியாகத் தளர்வாகவும் திருகுங்கள், அல்லது சட்டத்தின் உட்புறம் வெட்டிய நீள் பள்ளத்தில் சறுக்கும் சிறு மரக்கட்டைகளால் பிடியுங்கள். இழைக்கும்போது நார் பிய்ந்து எழும்பினால் பலகையை மறுமுனைக்குத் திருப்பிப் போட்டு இழையுங்கள், அங்கே நார் ஓட்டம் எதிர்த்திசையில் எழும்புகிறது என்று பொருள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது, உப்புத்தாள் பிடிக்கும்போது முகமூடி கட்டாயம்.

கடைசிப் பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய் போதும். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், கடையில் ‘காய்ச்சியது’ என்று விற்பதில் உலர்த்தும் உப்புகள் சேர்த்திருப்பதால் ஓரிரு நாளில் காயும். மெல்லிய பூச்சாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுக்காகவே நின்றுவிடும். மூன்று நான்கு முறை பூசிய பின் தேன்மெழுகு தேய்த்தால் கைக்கு இதமாக இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் வெளிவிடும், சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியே ஒற்றை மடிப்பாகக் கொடியில் விரித்து, விறைப்பாகும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.